முதலில் வெட்டு, பிறகு பால்: போன் ஓயாத அலுவலகத்தில் வேலை முடிக்கும் முறை

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அருகே ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் கணக்கு அலுவலகம். நானும் இரண்டு பெண்களும் வேலை பார்க்கிறோம். ரப்பர் ஷீட் வியாபாரிகள், மரக்கடைக்காரர்கள், ஹாலோ பிளாக் செய்பவர்கள், இரண்டு பேக்கரிகள், ஒரு தேன் வியாபாரி என்று அறுபது பேருக்கு மேல் ஜிஎஸ்டி கணக்கு எங்களிடம் இருக்கிறது. பில்கள் வாட்ஸ்அப்பில் படமாக வருகின்றன. படிவத்தைச் சமர்ப்பிப்பதற்கான ஓடிபி வாடிக்கையாளரின் போனுக்குப் போகிறது. அவரை அழைத்துக் கேட்டால்தான் வேலை முடியும். போன் இல்லாமல் எங்களால் ஒரு மணி நேரம்கூட நகர முடியாது. அதனால், வேலை நேரத்தில் போனை வேறு அறையில் வையுங்கள் என்ற அறிவுரை எங்களுக்குப் பயன்பட்டதே இல்லை. ஒருமுறை பீரோவில் வைத்துப் பூட்டிப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் நானே திறந்துவிட்டேன். திறக்காமலிருந்தால் மூன்று பேருடைய படிவம் நின்றுபோயிருக்கும்.

மருந்துக்கடை, பத்திர எழுத்தர் அலுவலகம், கூரியர் கடை, பள்ளி அலுவலகம் என்று போனும் வேலையும் பின்னிக்கிடக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த முறைக்கு வந்துசேரக் காரணம் ஒரு தவறு. 2022 அக்டோபர் 11, மாலை நேரம். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு, விற்பனை விவரத்தைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11-ஆம் தேதிதான் கடைசி நாள். வெளியே நல்ல மழை. ஒரு ரப்பர் வியாபாரியின் விற்பனை பில்களை நான் ஏற்றிக்கொண்டிருந்தேன். வாங்கியவருக்குக் களியக்காவிளையில் ஒரு கிடங்கு, எல்லை தாண்டிக் கேரளத்தில் பாறசாலையில் இன்னொரு கிடங்கு. கையிலிருந்த பில் பாறசாலைக் கிடங்குக்கு. ஜிஎஸ்டி எண் 15 இலக்கம். முதல் இரண்டும் மாநிலத்தைக் குறிக்கும்: தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. அடுத்த பத்தும் பான் எண். ஆள் ஒருவரே என்பதால் அந்தப் பத்தும் இரண்டு கிடங்குக்கும் ஒன்றுதான். திரையில் இரண்டு எண்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. அந்த நேரம் பார்த்து, காத்திருந்த ஓடிபிக்காக வேறொரு வாடிக்கையாளர் அழைத்தார். இடது தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, அவர் சொன்ன ஆறு இலக்கத்தைப் பக்கத்துக் கணினியில் இருந்த பெண்ணுக்கு உரக்கச் சொன்னேன். என் வலது கை 32-க்குப் பதிலாக 33-ஐ அழுத்திவிட்டது.

பில் 1,84,000 ரூபாய். வரி 5 சதவீதம், 9,200 ரூபாய். வெளிமாநில விற்பனையாக ஒரே தொகையாகப் போயிருக்க வேண்டிய வரி, மத்திய வரி 4,600, மாநில வரி 4,600 என்று இரண்டாகப் பிரிந்து போனது. கூட்டிப் பார்த்தேன், அதே 9,200 வந்தது. கூட்டுத்தொகை சரியாக இருந்ததால் கண்ணில் படவே இல்லை. அந்த மாத வரியைக் கட்டி முடித்த பிறகு, பாறசாலைக்காரர் தாம் கொடுத்த வரிக்கான வரவு தம் கணக்கில் வரவில்லை என்று சொல்லி எங்கள் வியாபாரியின் பணத்தை நிறுத்திவைத்தார். அடுத்த மாதப் படிவத்தில் திருத்தம், சரியான தலைப்பில் மறுபடி வரி, தவறான தலைப்பில் கட்டியதைத் திரும்பக் கேட்டு மனு. வியாபாரி என்னை ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. "மக்களே, உனக்கு அன்றைக்கு வேலை அதிகம் இருந்திருக்கும்" என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று எனக்கு வேலை அதிகம் இல்லை. இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்தேன்.

அந்த வாரம் என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், மரப்பட்டையை வெட்டிப் பால் வடிக்கும் பால்வெட்டு வேலை செய்தவர். விடிவதற்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். முந்நூறு மரத்துக்கு மேல் இருக்கும். ஒரு மரத்தை வெட்டிவிட்டு, பால் வடியும் சிரட்டை நிறையட்டும் என்று அங்கே நிற்க மாட்டார். வெட்டுவார், சிரட்டையைச் சரிபார்ப்பார், அடுத்த மரத்துக்குப் போவார். எல்லா மரமும் வெட்டி முடித்து, கட்டஞ்சாயா குடித்து, பிறகு வாளியை எடுத்துக்கொண்டு முதல் மரத்திலிருந்து பால் எடுத்து வருவார். வெட்டும் நேரம் வேறு, பால் எடுக்கும் நேரம் வேறு. நான் பத்து வருடமாக ஒவ்வொரு மரத்தின் கீழும் நின்று சிரட்டையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

முதல் வேலை: ஒரு நாள் எண்ணுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். இதற்குச் செயலி வேண்டாம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: போன், ஆள், நான். செய்துகொண்டிருந்த வேலையிலிருந்து கண்ணோ கையோ விலகும் ஒவ்வொரு முறையும் காரணம் எதுவோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். காலை பத்து முதல் ஒரு மணி வரை எண்ணினால் போதும்.

எனக்கு அன்று 61 கோடுகள் விழுந்தன. போன் 22, ஆள் 11, மீதி 28-ம் நான். யாரும் அழைக்கவில்லை, எந்தச் சத்தமும் வரவில்லை. ஆனாலும் கை தானாகப் போனை எடுத்திருக்கிறது. அலுவலக ஊழியர்களை வேலை செய்யும் இடத்திலேயே இருந்து கவனித்த கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் குளோரியா மார்க்கும் இதைத்தான் கண்டார்: மனிதர்கள் வெளியிலிருந்து இடைமறிக்கப்படுவதற்குக் கிட்டத்தட்ட இணையாகத் தங்களைத் தாங்களே இடைமறித்துக்கொள்கிறார்கள். 2008-இல் அவரும் அவர் குழுவினரும் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. இடைமறிக்கப்பட்டவர்கள் வேலையை மெதுவாகச் செய்யவில்லை, வேகமாகவே முடித்தார்கள். ஆனால் மன அழுத்தமும் எரிச்சலும் கூடியிருந்தன. நிறைய முடித்துவிட்டேன் என்று நான் நினைத்த நாட்களில்தான் ராத்திரி பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்திருக்கிறேன். காரணம் புரிந்தபோது வருத்தமாக இருந்தது.

அந்தத் தாளைத் தூக்கி எறியாதீர்கள். போன் கட்டத்தில் கோடு அதிகமென்றால் அடுத்து வரும் அமைப்புகளைப் பாருங்கள். ‘நான்’ கட்டத்தில் அதிகமென்றால் பின்னால் வரும் ‘ஒட்டுப்பால் சீட்டு’தான் உங்களுக்கு மருந்து.

போனுக்குள் செய்ய வேண்டியவை

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மறுபடி தொட வேண்டியிருக்காது.

அழைப்புக்கு மட்டும் சத்தம் இருக்கட்டும். வாட்ஸ்அப், மின்னஞ்சல், யுபிஐ செயலி, செய்திச் செயலி எல்லாவற்றின் அறிவிப்புச் சத்தத்தையும் மேலே குதிக்கும் பெட்டியையும் அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுக்களை ‘எப்போதும்’ என்று தேர்ந்தெடுத்து ஒலியடக்குங்கள். குடும்பக் குழு, பழைய மாணவர் குழு, சர்ச் குழு, ஊர்க் கமிட்டிக் குழு ஆகியவற்றைக் காப்பகத்துக்குள் தள்ளுங்கள். புதிய செய்தி வந்தாலும் அங்கேயே கிடக்கும் வகையில் அமைப்பு இருக்கிறது. அவற்றை விட்டு விலக வேண்டியதில்லை. சாயங்காலம் பஸ்ஸில் படித்துக்கொள்ளலாம்.

ஆண்ட்ராய்டு போனில் ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்ற வசதி இருக்கிறது. பலர் அதைப் போட அஞ்சுகிறார்கள். வயதான அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கும் இருந்தது. விதிவிலக்குப் பட்டியலில் அம்மா, கணவர், பிள்ளைகளின் பள்ளி என முக்கியமான எண்களைச் சேருங்கள். மீண்டும் அழைப்பவர்களை அனுமதிக்கும் அமைப்பையும் போட்டுவிடுங்கள். 15 நிமிடத்துக்குள் ஒரே எண்ணிலிருந்து இரண்டாவது முறை அழைப்பு வந்தால் அது ஒலிக்கும். உண்மையான அவசரக்காரர் இரண்டாம் முறை அழைக்காமல் இருக்க மாட்டார்.

கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கேட்கும் விளம்பரத் தொல்லைக்கு, ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ட் 0’ என்று எழுதி 1909 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். வங்கிப் பரிவர்த்தனைச் செய்திகள் இதனால் நிற்காது. எல்லாத் தொல்லையும் ஓய்ந்துவிடாது, ஆனாலும் செய்துவைப்பது நல்லது.

கணினியில் விண்டோஸ் 11 என்றால் அமைப்புகள், சிஸ்டம், அறிவிப்புகள் என்று போய் அங்கும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்பதைப் போடுங்கள். வாட்ஸ்அப்பைக் கணினியிலும் திறந்துவைத்திருப்பவர்கள் அதை எப்போதும் திறந்துவைக்காதீர்கள். போனை அடக்கிவிட்டுத் திரையின் மூலையில் அதே செய்தி மின்னினால் செய்ததெல்லாம் வீண்.

பால் எடுக்கும் நேரம்

எங்களுக்குப் பால் எடுக்கும் நேரம் மூன்று: பதினொன்றரை, இரண்டு, நாலரை. அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பைத் திறந்து, மேலிருந்து கீழ்வரை எல்லாச் செய்திக்கும் பதில் சொல்கிறோம், பில் படங்களை அந்தந்த வாடிக்கையாளரின் கோப்புறையில் இறக்கிவைக்கிறோம், மூடிவிடுகிறோம். இருபது நிமிடம் முதல் அரை மணி நேரம் ஆகும். பில்லைப் பார்த்தவுடன் டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றத் தோன்றும். ஏற்றாதீர்கள். அது வெட்டு வேலை; வாளியோடு நிற்கும்போது கத்தியை எடுக்கக் கூடாது.

இந்த நேரத்தை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் செய்தால், பதில் வராதவர் மறுபடி எழுதுவார், பிறகு அழைப்பார், பிறகு நேரில் வந்துவிடுவார். வாட்ஸ்அப் பிசினஸில் தானாகப் பதில் அனுப்பும் வசதி இருக்கிறது. நாங்கள் வைத்திருக்கும் பதில் இதுதான்; அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"வணக்கம். உங்கள் செய்தி வந்து சேர்ந்தது. 11.30, 2.00, 4.30 மணிக்குப் பார்த்துப் பதில் சொல்கிறோம். வண்டி செக்போஸ்டில் நிற்கிறது, நோட்டீஸ் வந்திருக்கிறது போன்ற அவசரம் என்றால் அழையுங்கள், உடனே எடுப்போம்."

கடைசி வரிதான் முக்கியம். எது அவசரம் என்பதை நீங்கள் சொல்லிக்கொடுக்காவிட்டால் எல்லாமே அவசரமாகிவிடும். கேரளத்துக்கு ஷீட் ஏற்றிய லாரி, சரக்கோடு போக வேண்டிய இ-வே பில்லில் தவறோடு வழியில் நின்றால் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். அந்த அழைப்பை எடுக்க எந்த வேலையையும் விடலாம். போன வருடத்து வருமான வரிப் படிவத்தின் நகல் வேண்டும் என்பது நாலரை வரை காத்திருக்கும். முதல் இரண்டு வாரம் முணுமுணுப்பு இருந்தது. மூத்த வாடிக்கையாளர் ஒருவர், "நாங்கள் என்ன, ஆஸ்பத்திரியில் டோக்கன் எடுக்க வந்திருக்கிறோமா?" என்று கேட்டார். கோபித்துக்கொள்ளாமல் நேரில் உட்காரவைத்து விளக்கினேன். இப்போது அவரே பதினொன்றே காலுக்கு எல்லாப் பில்லையும் மொத்தமாக அனுப்பிவிடுகிறார்.

ஒட்டுப்பால் சீட்டு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்று நீங்கள் சொன்னால், இதைச் செய்யுங்கள்.

பால் வடிந்து முடிந்த பிறகு வெட்டுத்தடத்தில் கொஞ்சம் பால் உறைந்து நாடாபோல ஒட்டிக்கிடக்கும். அதுதான் ஒட்டுப்பால். மறுபடி வெட்டப் போகும்போது அப்பா முதலில் அதை உரித்துக் கூடையில் போடுவார். உரிக்காமல் கத்தி வைத்தால் வெட்டு சரியாக விழாது. ஒரு வேலையை விட்டு அடுத்ததற்குப் போகும்போது மனத்திலும் இப்படி ஒட்டிக்கொள்கிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைக் கவன எச்சம் என்ற பொருள்படும் பெயரில் எழுதினார். முந்தைய வேலை முடியாமல் நிற்கும்போது மனத்தின் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது, அடுத்த வேலை பழுதாகிறது. 2018-இல் அவரும் தெரசா குளோம்பும் சேர்ந்து இதற்கு ஒரு எளிய வழியையும் காட்டினார்கள்: விட்டுப் போவதற்கு முன், எங்கே நிற்கிறேன், திரும்பி வந்ததும் என்ன செய்வேன் என்று சுருக்கமாகத் திட்டமிட்டுக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தவர்கள் இடையில் வந்த வேலையை நன்றாகச் செய்தார்கள்.

எங்கள் மேசைகளில் ஒருபக்கம் அச்சான பழைய தாள்களை நான்காகக் கிழித்துக் கட்டிவைத்திருக்கிறோம். போன் அடித்தால், எடுப்பதற்கு முன் இரண்டு வரி. அழைப்பு நின்றுவிடுமே என்று பதற வேண்டாம். போன் நான்கு முறை அடிப்பதற்குள் எழுதிவிடலாம். போன வாரம் எங்கள் இளைய பெண் எழுதிய சீட்டு என் முன்னால் இருக்கிறது:

"தக்கலை மரக்கடை. செப். விற்பனை. 47 வரை ஏற்றியாயிற்று. 48-இல் எடைச்சீட்டு இல்லை, கேட்க வேண்டும். வந்ததும் 49."

கடைசி இரண்டு சொல்லைப் பாருங்கள். ‘வந்ததும் 49’. வெறுமனே 47 என்று எழுதியிருந்தால், திரும்பி வந்து 48-ஐத் திறந்து, எடைச்சீட்டைத் தேடி, அதற்காக வாட்ஸ்அப்பைத் திறந்து, அங்கேயே சிக்கியிருப்பாள். அடுத்து செய்ய வேண்டிய செயலைத்தான் எழுத வேண்டும். ‘மரக்கடைக் கணக்கு பார்க்கணும்’ போன்ற சீட்டு பயனற்றது.

காரணமே இல்லாமல் கை போனுக்குப் போகும்போதும் இதே சீட்டுதான். "மின் கட்டணம் கட்ட வேண்டும்", "அக்காவிடம் கல்யாணத் தேதி கேட்க வேண்டும்" என்று அதில் எழுதிவிட்டு வேலையைத் தொடருங்கள். பாதி எண்ணங்கள் தாளில் விழுந்ததும் அடங்கிவிடுகின்றன. இரண்டு மாதத்தில் என்னுடைய 28 கோடு ஒன்பதாகக் குறைந்தது.

மணி வைத்து 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற முறையையும் பார்த்தோம். எங்களுக்கு ஒத்துவரவில்லை. பில்லின் நடுவில் மணி அடிக்கும். அதுவே ஒரு இடையூறு. அதற்குப் பதிலாக இருபது பில்லுக்கு ஒரு கிளிப் போட்டுக் கட்டாக வைக்கிறோம். ஒரு கட்டு முடிந்தால் எழுந்திருக்கலாம். கையில் இருக்கும் கட்டின் கனமே எவ்வளவு மீதி என்று சொல்லிவிடும்.

11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும்

11 ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்குக் கடைசி நாள்; 20 மாத வரியைக் கட்டி ஜிஎஸ்டிஆர்-3பி படிவம் கொடுக்கக் கடைசி நாள். இந்தக் கடைசி நாட்களில் ஓடிபி வேலையையும் பில் ஏற்றும் வேலையையும் ஒரே ஆள் செய்யக் கூடாது. என் தவறுக்குக் காரணமே அதுதான். இப்போது ஒருவர் போனில், ஒருவர் கணினியில்; ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்கிறார்கள். பில் ஏற்றுபவர் அந்த ஒரு மணி நேரம் எந்த அழைப்பையும் எடுப்பதில்லை. யார் யாருக்கு ஓடிபி போகும் என்று முதல் நாளே வரிசை எழுதி, "நாளை பத்திலிருந்து பத்தரைக்குள் அழைப்போம், போனைக் கையில் வையுங்கள் அண்ணே" என்று சொல்லிவிடுகிறோம். படிவம் ஏற்றும் ஜிஎஸ்டி இணையதளம் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் தானாக வெளியேற்றிவிடும் என்பதால், ஆளைப் பிடித்த பிறகே உள்ளே நுழைகிறோம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறோம்: நாங்கள் கேட்பது ஜிஎஸ்டி படிவத்தின் ஓடிபி மட்டுமே, வங்கி ஓடிபியை எங்கள் பெயரைச் சொல்லி யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

வாசலில் வந்து நிற்பவர்

நேர மேலாண்மை பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் கதவை மூடச் சொல்கின்றன. எங்கள் கதவை மூட முடியாது. பேச்சிப்பாறையிலிருந்து பஸ் மாறி வந்தவரிடம் நாலரைக்கு வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது, சொல்லவும் கூடாது. போனைவிட ஆள் முதல். ஆனால் ஆள் உள்ளே வந்ததும், "உட்காருங்கள், ஒரு நிமிடம்" என்று சொல்லிச் சீட்டு எழுதிவிட்டு, நாற்காலியை முழுவதும் அவர் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். திரையில் ஒரு கண், அவரிடம் ஒரு கண் என்று பேசினால் பத்து நிமிடப் பேச்சு அரை மணி ஆகும். தன்னைக் கவனிக்கவில்லை என்று அவர் சொன்னதையே திரும்பச் சொல்வார். அவர் பேசும்போது போன் அடித்தால் அது அடிக்கட்டும்.

இரண்டு வேலையைச் சேர்த்தே செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பில்களைத் தேதிவாரியாக அடுக்கும்போதும் பின் அடிக்கும்போதும் நாங்கள் பாட்டுக் கேட்கிறோம், ஊர்க்கதை பேசுகிறோம். கை பழகிய வேலையும் வாயும் ஒன்றாகப் போகும். எண்ணைப் படிப்பதும் எண்ணைக் கேட்பதும் ஒன்றாகப் போகாது. அந்தக் கோட்டை மட்டும் தாண்டாதீர்கள்.

வீட்டிலிருந்து கம்பெனி வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு நேரம் வைக்கும் அதிகாரம் இல்லை என்று எனக்குத் தெரியும். என் தங்கை மகன் நாகர்கோவிலில் அப்படித்தான் இருக்கிறான். அலுவலக அரட்டைச் செயலியில் பச்சை விளக்கு அணைந்தால் மேலாளர் கேட்பார் என்று பயந்துகொண்டே இருந்தான். மேலாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: "எந்த மாதிரிச் செய்திக்கு நான் உடனே பதில் சொல்ல வேண்டும், எதற்கு இரண்டு மணி நேரம் ஆகலாம்?" அவர் எழுதிக்கொடுத்த பட்டியலில் உடனே என்ற பக்கம் இரண்டே வகைதான் இருந்தது. யாரும் அதுவரை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசியாக, மின்சாரம் போகும்போது. எங்கள் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. அந்த மாதங்களில் மின்வெட்டு எந்த நேரமும் வரும். எங்கள் யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும். அது கூவத் தொடங்கியதும் இரண்டு பெண்களும் கணக்கைச் சேமிக்கிறார்கள், பிறகு சீட்டை எழுதி விசைப்பலகைக்கு அடியில் செருகுகிறார்கள். அதன் பிறகுதான் ஜன்னலைத் திறக்க எழுந்திருக்கிறார்கள்.